சிரிஞ்சில் மீந்த மருந்து

எல்லாருக்கும் வணக்கம். செவிலியர் தினக் கூட்டத்தில் குப்பையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். ஐசியூவில் நம் கையால் தினமும் குப்பைக்குப் போகிற மருந்தைப் பற்றித்தான்.

ஒரு இரவுப் பணி. ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர் ஒருவருக்கு, பிரஷரை விழாமல் தாங்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்து பம்ப் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. 50 மில்லி சிரிஞ்ச், மணிக்கு 2 மில்லி வேகம். அதிகாலை 3 மணிக்கு பம்பில் 8 மில்லி மிச்சம் இருந்தது, அதாவது 4 மணி நேரத்துக்கான மருந்து. நான் அப்போதே அடுத்த சிரிஞ்சைக் கலந்து, லேபிளில் நேரம் எழுதி ஒட்டி, ட்ரேயில் வைத்துவிட்டேன். 5 மணிக்கு அவருடைய பிரஷர் தேறியது. டாக்டர் படிப்படியாகக் குறைத்து, 7 மணிக்கு மருந்தை நிறுத்திவிட்டார். நான் கலந்து வைத்ததில் ஒரு சொட்டுகூட அவர் உடம்புக்குள் போகவில்லை. ராத்திரி அந்த மருந்து இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளை, அதாவது ஆம்பூல்களை, காசு கொடுத்து வாங்கி வந்த அவருடைய மகன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? பயம். அந்த மருந்து உடம்பில் நிற்பது சில நிமிடம்தான். பம்ப் காலியானால் பிரஷர் விழுந்துவிடும். பயம் நியாயமானது. ஆனால் ஆம்பூல், சிரிஞ்ச், லேபிள் மூன்றையும் உடைக்காமல், பிரிக்காமல் ட்ரேயில் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மருந்து வேகமாக ஓடுகிற நோயாளிக்கு முன்கூட்டியே கலக்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. மருந்தின் வேகத்தை டாக்டர் குறைத்துக்கொண்டு வருகிற நோயாளிக்கு, "டாக்டர், இன்னொரு சிரிஞ்ச் தேவைப்படுமா?" என்று கேட்டுவிட்டுக் கலக்கலாம். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வந்து மருந்தே மாறப்போகிற காலையில், ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவசரமாக வயலில், அதாவது மருந்துக் குப்பியில், இருக்கிற பொடியைக் கரைக்காதீர்கள்.

அதற்காக ஒருவருக்குத் திறந்த புரோபோஃபால் என்கிற மயக்க மருந்தின் மீதியை அடுத்த படுக்கைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அது பால் மாதிரி வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும். கிருமிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. வயலிலிருந்து நேரடியாக ஓட்டினாலும் 12 மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். மூச்சுக் குழாயில் டியூப் போடுவதற்கு மட்டும் என்றால் 50 மில்லி வயல் எதற்கு, 20 மில்லி போதுமே. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அங்கே.

அப்புறம், மீந்ததை சிங்க்கில் ஊற்றுகிற பழக்கம். ஆன்டிபயாடிக் சாக்கடைக்குப் போனால், அங்கே இருக்கிற கிருமி அதை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும். அதே கிருமி ஒரு நாள் நம் வார்டுக்கு வரும். வீணான மருந்து மஞ்சள் பைக்குப் போக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன.

நோயாளியை வார்டுக்கு மாற்றும்போது லாக்கரையும் ஃப்ரிட்ஜையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பிரிக்காத ஆம்பூலை ஃபார்மசிக்குத் திருப்பினால் பில்லில் கழிப்பார்களா என்று கேளுங்கள். இன்சுலினும், தசையைத் தளர்த்துகிற அட்ராகுரியமும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். வெளியே எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால், அப்புறம் அதை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பணத்தைக் கேட்கப்போவது நாம்தான்.