கொரோனாவின் சீட்டைக் கிழிக்கும் 21 எழுத்து

[காட்சி: தோவாளை பூச்சந்தை. இன்னும் விடியவில்லை. தராசில் பிச்சிப்பூ குவிகிறது.]

குரல்: 1990-ல் அமெரிக்காவில் ஊதா நிறப் பெட்டூனியா பூவின் நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்தார்கள். நிறமிக்கான மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தினார்கள். பூத்ததோ வெள்ளை! தோவாளையில் இப்படி ஒரு மூட்டை வந்து இறங்கினால் வியாபாரி சண்டைக்கே வந்துவிடுவார். ஏன் இப்படி ஆனது என்பதற்கான துப்பு 1998-ல் ஒரு சின்னப் புழுவில் கிடைத்தது. கண்டுபிடித்த ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006-ல் நோபல் பரிசு. ஒரு மரபணுவை வேலை செய்ய விடாமல் அடக்கும் அந்த வழிதான் ஆர்என்ஏ குறுக்கீடு.

[காட்சி: வீட்டுத் திண்ணை. அரளியும் நொச்சி இலையும் மடித்து மாணிக்க மாலை கட்டும் விரல்கள், மிக நெருக்கத்தில்.]

குரல்: கடையில் ஆர்டர் நோட்டு இருக்கிறது. அதைப் பார்த்து 'மாணிக்க மாலை 2, பிச்சி 4 முழம்' என்று துண்டுச் சீட்டு எழுதி, மாலை கட்டும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். (இப்போது எல்லாம் வாட்ஸ்அப்தான். நமக்குச் சீட்டே இருக்கட்டும்.) நோட்டு டிஎன்ஏ, சீட்டு தூது ஆர்என்ஏ, மாலை புரதம். சீட்டை வழியிலேயே கிழித்தால் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாலை மட்டும் வராது.

கிழிப்பது யார்? சுமார் 21 எழுத்து (ஆர்என்ஏ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓர் எழுத்து) நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏவைச் செல்லுக்குள் விடுகிறோம். ரிஸ்க் (RISC) என்ற புரதக் கூட்டம் ஒரு இழையைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் பிடித்துக்கொள்ளும். அதோடு பொருந்துகிற சீட்டு எதிரே வந்தால், ஆர்கோநாட் என்ற நொதி நறுக்கிவிடும்.

[காட்சி: அனிமேஷன். நீண்ட ஆர்என்ஏ இழை, அதன் கீழே சின்னச் சின்ன இழைகள். எல்லாவற்றின் வால் பகுதியும் ஒரே நிறத்தில்.]

குரல்: கொரோனா வைரஸிடம் டிஎன்ஏ நோட்டு கிடையாது. ஏறக்குறைய 30,000 எழுத்துள்ள அதன் ஆர்என்ஏதான் நோட்டு, அதுவேதான் சீட்டும். அதை நறுக்கினால் இரண்டுமே போச்சு. அப்புறம், வைரஸின் மேலே முள்போல நிற்கும் ஸ்பைக் போன்ற புரதங்களுக்கு அது சிறு சீட்டுகளும் அச்சடிக்கும். நீளம் வேறு வேறாக இருந்தாலும் வால் ஒன்றுதான். அந்த வாலில் இருப்பது ‘N’ எனப்படும் புரதத்தின் மரபணு. அங்கே குறிவைத்தால் பெரிய சீட்டும் சின்னச் சீட்டும் சேர்ந்தே மாட்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இன்னொரு கொரோனா வைரஸால் வந்த 2003 சார்ஸ் பரவலுக்குப் பிறகு, வளர்ப்புச் செல்களில் ஸ்பைக் மரபணுவை இப்படி அடக்கிப் பார்த்தார்கள். வைரஸ் பெருக்கம் குறைந்தது. ஆனால் குறிவைத்த இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பிடி தளரலாம். அதனால் இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துக் குறிவைப்பது நல்லது.

[காட்சி: பூக்கூடைகள் கேரளா வண்டியில் ஏறுகின்றன.]

குரல்: சரி, கொரோனாவுக்கு மருந்தாக ஏன் பரவலாக வரவில்லை? பொதியாமல் அனுப்பினால் பூ வழியிலேயே வாடும். இந்த ஆர்என்ஏவும் அப்படித்தான், ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். கொழுப்புத் துகளில் பொதிந்து ஏற்றினாலோ பெரும்பாலும் கல்லீரலில் போய் இறங்குகிறது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் குறுக்கீட்டு மருந்தான படிசிரான் வேலை செய்வதும் கல்லீரலில்தான். கொரோனாவுக்கு நுரையீரல் அல்லவா வேண்டும்? 2005-ல் சார்ஸ் தொற்றிய ரீசஸ் குரங்குகளுக்கு இந்த ஆர்என்ஏவை மூக்கு வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சலும் நுரையீரல் சேதமும் குறைந்தன.