"எல்லாம் எண்ணெய்க்குத்தான்" எண்டா பிறகு பட்டிமன்றம் எதுக்கு?

வணக்கம் உறவுகளே. எனக்குப் பின்னால உள்ள வெள்ளைப் பலகையைப் பார்த்தவுடனேயே விளங்கியிருக்கும், இண்டைக்கு வழமையான நிலாவெளிக் கடற்கரையும் இல்ல, நண்டுக்கறியும் இல்ல; ஒரு போர் சட்டபூர்வமா இல்லையா எண்டு ஆவணத்தை வைச்சுப் பார்க்கிறதுதான் வேலை. போன ஞாயிறு நம்மட ஊரில ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு, ஈராக் போர் நியாயமா அநியாயமா. ஒரு அணி சொல்லுது, "ஐநாவே அனுமதி குடுத்த போர்". மற்ற அணி மேசையில அடிச்சுச் சொல்லுது, "ஐநா அனுமதியே குடுக்கல்ல". ரெண்டுக்கும் கைதட்டல். ஆனா ரெண்டு பேரும் சொன்னது சரி! முதலாமவர் கதைச்சது 1991, குவைத்தில இருந்து ஈராக்கை விரட்டின போர். ரெண்டாமவர் கதைச்சது 2003, அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக்குக்குள்ளயே புகுந்த போர். அரங்கத்தில ஒருத்தரும் எழும்பி, "எந்தப் போரைச் சொல்றீங்க?" எண்டு கேக்கல்ல. கடைசியில நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? "எல்லாம் எண்ணெய்க்குத்தான்." முடிஞ்சுது. எல்லாருக்கும் வடையும் பிளேன்டியும்.

இந்த வசனத்தில எனக்கு எவ்வளவு ஒவ்வாமை எண்டு பழைய ஆக்களுக்குத் தெரியும். சீனக்குடாவில 99 எண்ணெய்க் குதம் நிக்கிறதால திருகோணமலையில எந்த வாக்குவாதமும் அங்கதான் போய் முடியும். எண்ணெய் ஒரு காரணமா இருக்கலாம், இல்லையெண்டு நான் சொல்லல்ல. ஆனா போருக்குப் போறவன்ட மனசுக்குள்ள என்ன இருந்தது எண்டு நீங்களும் நானும் நிரூபிக்க ஏலாது. போருக்குக் காரணம் சொல்லி அவன் ஐநாவில குடுத்த கடிதத்தில என்ன எழுதினான் எண்டு பார்க்க ஏலும். அங்க இருந்து தொடங்குங்க.

சரி, பலகைக்கு வருவம். ஐநா சாசனத்தில ரெண்டு உறுப்புரைதான் முக்கியம். ரெண்டாம் உறுப்புரையின்ட நாலாம் பந்தி, இன்னொரு நாட்டுக்கு எதிரா பலத்தைப் பாவிக்காதே எண்டு சொல்லுது. 51ஆம் உறுப்புரை, ஆயுதத் தாக்குதல் நடந்தா தற்காப்புக்கு உரிமை இருக்கு, ஆனா எடுத்த நடவடிக்கையை உடனடியா பாதுகாப்புச் சபைக்கு அறிவிக்கணும் எண்டு சொல்லுது. இதுக்கு வெளியில உள்ள மற்ற வழி, பாதுகாப்புச் சபையே அனுமதி குடுக்கிறது. அதுக்கு 15 உறுப்பினரில 9 வாக்கு வேணும், நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில (அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா) ஒருத்தரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது.

1990 ஆகஸ்ட் 2 ஈராக் குவைத்துக்குள்ள புகுந்தது. அண்டைக்கே 660ஆம் தீர்மானம், வெளியேறு எண்டு. நவம்பர் 29, 678ஆம் தீர்மானம். 1991 ஜனவரி 15க்குள்ள வெளியேறாட்டி, குவைத்தோட சேர்ந்து நிக்கிற நாடுகள் தேவையான எந்த வழியையும் பாவிக்கலாம். 12 பேர் ஆதரவு, கியூபாவும் யேமனும் எதிர்ப்பு. ஆ, சீனாவை விட்டுட்டன். சீனா வாக்களிக்காம விலகி நிண்டது. இதிலதான் நிறையப் பேர் வழுக்கி விழுறது. நிரந்தர உறுப்பினர் விலகி நிண்டா அது வீட்டோ, அதாவது தடுக்கிற வாக்கு இல்ல, தீர்மானம் நிறைவேறும். அந்தப் பட்டிமன்றத்தில ஒருத்தர் "சீனா தடுத்தது" எண்டு சொன்னார். சீனா தடுத்திருந்தா அந்தத் தீர்மானமே இல்ல, ஐயா!

இப்ப 2003. இதில உள்ள சட்ட வாதத்தை ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லல்ல, ஆதரிச்ச அணியும் சேர்த்துத்தான். அமெரிக்காவும் பிரித்தானியாவும் சொன்னது இதுதான். 1990இல குடுத்த 678ஆம் தீர்மானத்தின்ட அனுமதி சாகல்ல. 1991 ஏப்ரலில வந்த 687ஆம் தீர்மானம் போர்நிறுத்தத்துக்கு நிபந்தனை போட்டது, ஆயுதங்களை ஒழிக்கணும், பரிசோதகர்களை விடணும் எண்டு. ஈராக் அதை மீறினா பழைய அனுமதி திரும்ப உயிர்க்கும். 2002 நவம்பர் 8 நிறைவேறின 1441ஆம் தீர்மானம், ஈராக் மீறிக்கொண்டுதான் இருக்கு எண்டு உறுதிப்படுத்திட்டுது. அந்த 1441க்கு 15க்கு 15 வாக்கு, சிரியா கூட ஆதரவு.

இது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்ல. ஆனா 1441ஐ எடுத்து, முன்னுரையை விட்டுட்டு, இலக்கம் போட்ட பந்திகளைப் பாருங்க. முன்னுரை பந்திகளை விளங்கிக்கொள்ள உதவும், ஆனா தனியா ஆரையும் கட்டுப்படுத்தாது. முதலாம் பந்தி, ஈராக் கடமையை மீறியிருக்கு. ரெண்டாம் பந்தி, கடைசிச் சந்தர்ப்பம். 12ஆம் பந்தி, திரும்ப மீறினதா அறிக்கை வந்தா சபை உடனே கூடி நிலைமையை ஆராயும். 13ஆம் பந்தி, பாரதூரமான விளைவு வரும். சண்டை முழுக்க இந்த 12க்கும் 13க்கும் இடையிலதான். சபை கூடிக் கதைச்சாப் போதுமா, இல்ல கூடி இன்னொரு முடிவு எடுக்கணுமா? பிரான்சும் ரஷ்யாவும் முடிவு எடுக்கணும் எண்டிச்சினம். அமெரிக்கா தேவையில்ல எண்டது. ஆனா வாக்கெடுப்பு நடந்த அதே கூட்டத்தில அமெரிக்கத் தூதுவர் நெக்ரோபொன்டே என்ன சொன்னார்? இந்தத் தீர்மானத்துக்குள்ள மறைச்சு வைச்ச விசை ஒண்டும் இல்ல, தானாப் போர் தொடங்காது எண்டு. அதனாலதான் சொல்றன், தீர்மானத்தை மட்டும் வாசிக்காதீங்க. அண்டைய கூட்டக் குறிப்பையும் எடுங்க. வாக்களிச்ச பிறகு ஒவ்வொரு நாடும் தான் என்ன விளங்கிக்கொண்டு வாக்களிச்சது எண்டு அதில சொல்லும்.

பிரித்தானியாவுக்குள்ளயே எப்படி உடைஞ்சது எண்டு பாருங்க. சட்டமா அதிபர் கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7 எழுதின ஆலோசனை 13 பக்கம். இன்னொரு தீர்மானம் எடுக்கிறதுதான் பாதுகாப்பு, ஆனா பழைய அனுமதி உயிர்க்கும் எண்டும் நியாயமா வாதாடலாம் எண்டு ரெண்டு பக்கமும் எழுதியிருந்தார். பத்து நாள் கழிச்சு, மார்ச் 17, பாராளுமன்றத்துக்குப் போனது ஒரு சின்னப் பதில், ஐயம் ஒண்டும் இல்லாம, சட்டபூர்வம் எண்டு. அந்த 13 பக்கமும் 2005 வரைக்கும் வெளியில வரல்ல. அதே 17ஆம் திகதி அமைச்சர் றொபின் குக் பதவி விலகினார். வெளிவிவகார அலுவலகத்தின்ட துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், இது ஆக்கிரமிப்புக் குற்றம் எண்டு எழுதி வைச்சிட்டுப் போனா. மார்ச் 18 பாராளுமன்றத்தில 412க்கு 149, போருக்கு ஆதரவு. பெப்ரவரி 15 லண்டன் வீதியில இறங்கின கூட்டத்தை பொலிஸே ஏழரை லட்சம் எண்டது. அந்த நாட்டு மக்களும் ஒரு குரலில கதைக்கல்ல, அவையின்ட சட்டத்தரணிமாரும் ஒரு குரலில கதைக்கல்ல. நம்ம ஆக்கள் என்னடா எண்டா, "வெள்ளைக்காரன் எல்லாம் ஒண்டு" எண்டு முடிச்சிடுவினம்.

இனி, எனக்கு உண்மையாவே வயிறெரிஞ்ச விசயம். சில்கொட் விசாரணை அறிக்கை, 2016 ஜூலை 6. பிரித்தானியா ஈராக்குக்குள்ள எப்படிப் போனது எண்டு ஏழு வருசம் விசாரிச்சு எழுதினது. 26 லட்சம் சொல், 12 தொகுதி. வெளிவந்த நேரம் அச்சுப் புத்தகமா முழுத் தொகுதியும் எவ்வளவு தெரியுமா? 767 பவுண்! ஒரு பவுண் 400 ரூபா எண்டு வைச்சாலும் 3,06,800 ரூபா. ஒரு பழைய மோட்டச்சைக்கிள் வாங்கலாம். பொதுமக்கள்ட காசில நடந்த விசாரணை, பொதுமக்களுக்கு வித்த விலை 767 பவுண். சுருக்கம் மட்டும் வேணும் எண்டா 30 பவுண், அதுவும் 12,000 ரூபா. சரி, சரி, இணையத்தில முழுக்க இலவசமா இருக்கு, தெரியும். ஆனாலும் 767! அதை விட்டுட்டு வரவே மனம் வரல்ல எனக்கு. நீங்க அந்தச் சுருக்கத்தை மட்டும் இறக்கி வாசிங்க, 150 பக்கத்துக்குக் கிட்ட இருக்கு. போருக்கு முதல் சமாதான வழிகள் எல்லாம் தீர்ந்துபோகல்ல எண்டு அதில இருக்கு. போர் சட்டபூர்வமா இல்லையா எண்ட தீர்ப்பு மட்டும் அதில இல்ல. சட்ட அடிப்படையை முடிவெடுத்த விதம் திருப்தியில்ல எண்டு மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டினம். "சில்கொட் சட்டவிரோதம் எண்டு சொன்னது" எண்டு ஆரும் மேசையில அடிச்சா, பக்க இலக்கம் கேளுங்க. நேரடியாச் சொன்னது நெதர்லாந்து விசாரணை, 2010. சர்வதேச சட்டத்தில போதுமான அனுமதி இல்ல எண்டு அது எழுதினது.

கடிதம் எண்டு தொடக்கத்தில சொன்னன் இல்லையா, அதைத் தேடுற முறை. ஐநா ஆவணத் தளத்தில ஆவண இலக்கத்தை, 'எஸ்'ஸை ஆங்கில S எழுத்தா, அப்படியே போடணும். பிரித்தானியக் கடிதம் எஸ்/2003/350, அமெரிக்கக் கடிதம் எஸ்/2003/351. ரெண்டும் 2003 மார்ச் 20. தமிழில இருக்காது, ஐநாவின்ட ஆறு மொழியில ஒண்டில வாசிக்கணும். சின்னக் கடிதம்தான். அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷின்ட தொலைக்காட்சிப் பேச்சில விடுதலை, ஜனநாயகம் எல்லாம் வரும். கடிதத்தில வாதம் நிக்கிறது 678, 687, 1441 எண்ட மூண்டு இலக்கத்தில. பேச்சையும் கடிதத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தா, எதை உலகத்துக்குச் சொன்னாங்க, எதைச் சட்டத்துக்குச் சொன்னாங்க எண்டு பிடிபடும். இதே வேலையை உக்ரைனுக்கும் செய்யலாம். 2022 பெப்ரவரி 24 ரஷ்யா குடுத்த கடிதம் எஸ்/2022/154. அதில இணைச்சது புட்டினின்ட உரையையே. அடிப்படையாச் சொன்னது 51ஆம் உறுப்புரை. அப்ப கேள்வி நேர இதுதான்: ஆயுதத் தாக்குதல் எங்க, ஆர் ஆருக்கு எதிரா? மார்ச் 2 பொதுச்சபையில 141 நாடு அந்தப் படையெடுப்பைக் கண்டிச்சது, 5 எதிர்ப்பு, 35 விலகி நிண்டது. இலங்கை அந்த 35க்குள்ள. விலகி நிண்டதை "ரஷ்யாவுக்கு ஆதரவு" எண்டு கதைக்கிறது பிழை. "நடுநிலை" எண்டு பெருமையடிக்கிறதுக்கும் அதில ஒண்டும் இல்ல.

பொறுங்க, கொசோவோவை விட்டுட்டுப் போகப் பார்த்தன். சட்டபூர்வமா எண்ட கேள்வியும் நியாயமா எண்ட கேள்வியும் ஒண்டில்ல, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கொசோவோவில அல்பேனியர் மேல நடந்த அடக்குமுறையை நிறுத்த எண்டு 1999இல நேட்டோ இராணுவக் கூட்டணி யூகோஸ்லாவியா மேல 78 நாள் குண்டு போட்டது, பாதுகாப்புச் சபை அனுமதி இல்ல. ஒரு சுயாதீன ஆணைக்குழு 2000இல என்ன எழுதினது? சட்டவிரோதம், ஆனா நியாயமானது. 1971 பங்களாதேஷும் அப்படிச் சிக்கல்தான். பொதுச்சபை 104க்கு 11 எண்டு போர்நிறுத்தம் கேட்டது, இந்தியா அதுக்குப் பிறகும் ஒன்பது நாள் சண்டையை விடல்ல. அந்தப் போர் பிழை எண்டு டாக்காவில போய் ஒருக்காச் சொல்லிப் பாருங்க. நான் எந்தப் பக்கம் எண்டு கேப்பீங்க. 1991 சரி, 2003 பிழை, கொசோவோவில நான் அந்த ஆணைக்குழுவோட சேர்ந்து நிக்கிறன். வாக்குவாதத்துக்கு வரலாம், இலக்கத்தோட வாங்க.

1991க்கும் 2003க்கும் இடையில இன்னொரு வித்தியாசம், நம்மட பக்கத்து ஆக்களுக்கு நேரடியாச் சம்பந்தப்பட்டது. 687ஆம் தீர்மானம் ஈராக்கை நட்டத்துக்குப் பொறுப்பாக்கினது. குவைத்தில இருந்து ஓடி வந்த வேலையாக்களுக்கு இழப்பீடு வந்தது இந்த வழியில அமைச்ச ஐநா இழப்பீட்டு ஆணைக்குழுவாலதான். நாட்டை விட்டு வெளியேறினதுக்கு மட்டும் தனி ஆளுக்கு 2,500 டொலர், வேற வகையில கோரமாட்டன் எண்டு ஒப்புக்கொண்டா 4,000. குடும்பமா வந்தா 5,000 அல்லது 8,000. மொத்தமா 52.4 பில்லியன் டொலர், ஈராக்கின்ட எண்ணெய் வருமானத்தில வெட்டின காசு, கடைசிக் கொடுப்பனவு 2022 ஜனவரி. 2003 படையெடுப்புக்கு அப்படி ஒரு ஆணைக்குழு இல்ல. நடுவர் ஐயா எண்ணெயைப் பற்றிக் கதைக்கத்தான் வேணும் எண்டா, இந்த எண்ணெய்க் காசைப் பற்றிக் கதைச்சிருக்கலாம். மூதூரிலயும் கிண்ணியாவிலயும் கேக்க ஆள் இருந்திருக்கும்.

அடுத்த கிழமை 1971ஐத் தனியா எடுப்பம். டிசம்பர் 3 பின்னேரம் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களில குண்டு போட்டதில இருந்து தொடங்குறன். போர்நிறுத்தம் கேட்ட அந்தப் பொதுச்சபைத் தீர்மானத்தின்ட இலக்கம் 2793, முதலே வாசிச்சிட்டு வாங்க.