கூடையில் அள்ளிய மீன் எங்கே போனது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புவி தாங்கும் எல்லைக்குள் வாழ்வதே வாழ்வு என்பது எங்கள் அணியின் வாதம்.

மனித அறிவு எந்த எல்லையையும் வெல்லும் என்று வாதிடும் எதிரணியில், எனக்கு முன் பேசிய நண்பர், "கல் தீர்ந்ததாலா கற்காலம் முடிந்தது? எல்லை, எல்லை என்று அஞ்சுகிறவர்கள் குகைக்கே திரும்பட்டும்" என்று சொல்லிப் பெருங்கைதட்டலைப் பெற்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் அமர மாட்டேன். கல்லுக்கு மாற்றாக வெண்கலம் வந்தது. கடலில் மீன் தீர்ந்தால் எந்த உலோகத்தை உருக்கி மீன் செய்வது?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலைப் பாருங்கள். 1497இல் கடலோடி ஜான் கேபட்டின் கப்பல் அங்கே போய்த் திரும்பியபோது, வலையே தேவையில்லை, கூடையை இறக்கினாலே மீனை அள்ளிவிடலாம் என்று உடன் சென்றவர்கள் வியந்து சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கூடையால் அள்ளினார்கள், அவையோரே, கூடையால்! தூண்டிலும் சிறு படகுமாக மனிதர்கள் பிடித்த நூற்றாண்டுகளில், எடுத்ததை ஈடுகட்டக் கடலுக்கு அவகாசம் இருந்தது. பிறகு நண்பர் போற்றுகிற அறிவு வந்தது. மீன் கூட்டத்தை ஒலியால் கண்டறியும் சோனாரும், பிடித்ததைக் கடலிலேயே உறையவைக்கும் ஆலைக் கப்பல்களும் வந்தன. 1968இல் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் மீன் பிடிபட்டது. கூடையில் அள்ளிய அதே கடலில், 1992 ஜூலையில், காட் மீன்பிடிக்கு அரசே தடை விதித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவித்த தடை, முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நீடித்தது. அந்த அறிவு ஒரு மீனையும் உண்டாக்கவில்லை, நடுவர் அவர்களே. ஒளிந்திருந்த மீனையும் காட்டிக்கொடுத்தது.

அறிவுக்கு நாங்கள் பகைவர்கள் அல்லர். 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, ஓசோன் படலத்தை அரிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த உடன்பட்டதும் அறிவுதான். அது எல்லையை ஒப்புக்கொண்ட அறிவு. அதனால்தான் அந்தப் படலம் மெல்ல மீண்டு வருகிறது.

ஆனால் என் மனம் அந்தக் கரையை விட்டு வர மறுக்கிறது. தடை வந்தபோது அங்கே சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று 1980களிலேயே மன்றாடியவர்கள் கரையோரச் சிறு மீனவர்கள். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று போட்ட கணக்குத் தாளை நம்பிய அரசினர் அந்தக் குரலைக் கேட்கவில்லை. பாட்டன் சென்ற கடலில் பேரனுக்குப் படகு இறக்க உரிமையில்லாமல் போனபோது, அந்தத் தகப்பன் தன் பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பான்? அன்று யாரும் கேட்காத அவனுக்காக, நடுவர் அவர்களே, இந்த மேடையில் தீர்ப்புக் கேட்கிறேன்.