ஆஸிலாஸ்கோப்பில் ஜூம் செய்தால் தெரிவதெல்லாம் உண்மையா?

வணக்கம். மின்சிக்னலை அலையாக வரைந்து காட்டும் இந்த ஆஸிலாஸ்கோப்பின் திரையில் ஒரே ஓர் அலை, விநாடிக்கு ஒரு முறை நிதானமாக ஏறி இறங்குவதைப் பார்க்கிறீர்கள். ஆனால் சிக்னலைத் தொட்டு அளக்கும் முனையான புரோப்பில் நான் கொடுத்திருப்பதோ விநாடிக்கு 9,999 முறை துடிக்கும் சைன் அலை. கருவியில் பழுது எதுவும் இல்லை. அப்படியென்றால் மீதி 9,998 அலைகள் எங்கே போயின?

வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: 1897-இல் ஃபெர்டினாண்ட் பிரௌன் உருவாக்கிய குழாயில் எலக்ட்ரான் கற்றையே அலையை வரைந்து காட்டியது, டிஜிட்டல் கருவியோ மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, எண்களாக நினைவகத்தில் எழுதுகிறது. நினைவகம் நிறைந்ததும் பழைய எண்களின் மேலேயே புதியவை எழுதப்படும். சிக்னலில் நாம் குறித்த நிகழ்வு வந்ததும் சைகை தரும் ட்ரிக்கரின் வேலை எழுதத் தொடங்கச் சொல்வதன்று, எங்கே நிறுத்துவது என்று சொல்வது. அதனால்தான் ட்ரிக்கருக்கு முன்பு நடந்ததையும் நம்மால் பார்க்க முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

இனி வாசற்கோலத்துக்கு வருவோம். புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டால், கோடு போட வருபவர் அதே புள்ளிகளில் வேறொரு கோலத்தைப் போட்டுவிடலாம். ஆஸிலாஸ்கோப்பின் திரையும் அப்படித்தான் கோடு போடுகிறது. இங்கே நினைவகத்தை 10,000 புள்ளிகளாகவும், திரையின் ஒரு கட்டத்தை 100 மில்லி விநாடியாகவும் வைத்திருக்கிறேன். 10 கட்டங்களுக்கு ஒரு விநாடி என்றால், புள்ளிக்குப் புள்ளி 100 மைக்ரோ விநாடி இடைவெளி. என்னுடைய அலையின் ஒரு சுற்றுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது என்பதால், சுற்றுக்கு ஒரு புள்ளி, முந்தைய இடத்துக்கு இம்மியளவு முன்னதாக விழுகிறது. அவற்றை இணைத்தால் வருவது, அங்கே இல்லவே இல்லாத ஓர் அலை.

அடுத்து, கருவியின் முகப்பிலேயே கிடைக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோப்பை மாட்டி, நிறுத்தி, ஜூம் செய்கிறேன். செங்குத்தாக நிற்க வேண்டிய விளிம்பு கூரை போலச் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவு சிக்னலுடையது அன்று. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கருவி இழுத்த கோடு. நினைவகத்தை 1 கோடிப் புள்ளிகளுக்கு உயர்த்தி மீண்டும் பிடித்தால், இடைவெளி 100 நானோ விநாடியாகக் குறைகிறது, விளிம்பும் நிமிர்ந்துவிடுகிறது. பிடிக்கும்போது விழாத புள்ளியை எந்த ஜூமும் பிறகு கொண்டுவராது.

ஆகவே, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1 கிகா சாம்பிளை, அதாவது விநாடிக்கு 100 கோடிப் புள்ளிகள் என்பதை, பார்த்து மயங்காதீர்கள். 10,000 புள்ளி நினைவகம் அந்த வேகத்தில் 10 மைக்ரோ விநாடியிலேயே நிறைந்துவிடும். என்னைக் கேட்டால், வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நினைவகத்தைத்தான். இடையில் வந்துபோகும் குறுந்துடிப்பைத் தவறவிடாமலிருக்க பீக் டிடெக்ட் உதவும்; அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் அமைப்பை வைத்து, இதே சோதனையை உங்கள் கருவியிலும் செய்து, விளிம்பின் சரிவு எத்தனை மைக்ரோ விநாடி என்று கமெண்ட்டில் எழுதுங்கள். மாடலின் பெயர் வேண்டாம், உங்கள் நினைவகம் எவ்வளவு என்று நான் சொல்கிறேன்.