பெண்களுக்கு எந்தத் தொகுதி?

நேயர்களுக்கு வணக்கம். 1955-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தலில் 52 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் பெண் ஒருவர்தான், ஹலிமாத்தோன் அப்துல் மஜிட். அவரை அனுப்பிய தொகுதி நம் உலு சிலாங்கூர். அதே வட்டாரத்துப் பத்தாங் காலியில் இருந்துகொண்டு பெண் பிரதிநிதித்துவம் பேசும்போது, அதைச் சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை.

2022-இல் மலேசிய மக்களவையின் 222 இடங்களில் பெண்கள் வென்றது 30. “பொம்பளை நின்றால் சனம் ஓட்டுப் போடாது” என்று தோட்டத்துப் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் 818 ஆண்கள் நின்று 192 பேர் வென்றார்கள். 127 பெண்கள் நின்று 30 பேர் வென்றார்கள். இரு தரப்பிலும் நூற்றுக்கு இருபத்து மூன்றரைப் பேர்! வாக்காளர் ஓரவஞ்சனை செய்யவில்லை. கட்சிகள் போதுமான பெண்களை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகை 10,000 வெள்ளி (ரிங்கிட்), பிரசாரப் பொருள்களுக்கு இன்னொரு 5,000 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் அந்தப் பத்தாயிரமும் போய்விடும். கட்சி கைகொடுக்காமல் தோட்டத்துப் பெண் எங்கே போவாள்?

மக்களவையில் பெண்கள் முப்பது விழுக்காடு இருக்க வேண்டும் என்றால் 67 இடங்கள். ஆனால் “முப்பது விழுக்காடு பெண்களை நிறுத்து” என்று மட்டும் சட்டம் போட்டால் ஏமாந்துவிடுவோம். தோற்பது உறுதியான தொகுதிகளைத் தேடிப்பிடித்துப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். பிரான்சில் 2000-இல் சம எண்ணிக்கைச் சட்டம் வந்தபோது பெரிய கட்சிகள் அபராதமாக அரசு நிதி குறைவதை ஏற்றுக்கொண்டு ஆண்களையே அதிகம் நிறுத்தின. மெக்சிகோவில் 2009-இல், வென்ற பெண்கள் சிலர் பதவி விலகி, தங்களோடு மாற்று உறுப்பினராக நின்ற ஆண்களுக்கு வழிவிட்டார்கள். மாற்று உறுப்பினரும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று 2011-இல் நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. 2014-இல், கட்சிக்கு வாக்கு மிகக் குறைவான தொகுதிகளைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. 2021-இல் அங்கே கீழவையின் 500 பேரில் 250 பேர் பெண்கள்.

நமக்கும் அந்த வழி பொருந்தும். கட்சி தன் தொகுதிகளைப் போன முறை வாங்கிய வாக்கு விழுக்காட்டின்படி வரிசைப்படுத்தி மூன்றாகப் பிரிக்கட்டும்: வலுவானவை, இழுபறியானவை, நலிந்தவை. மூன்றிலும் தனித்தனியே முப்பது விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும். பதவியில் இருப்பவர் இடத்தை விடமாட்டார் என்பதால், ஓய்வு பெறுபவரின் தொகுதியில் தொடங்குவது எளிது.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. வேட்புமனுத் தாக்கல் காலை 9-லிருந்து 10 மணிக்குள் முடிகிறது. ஒவ்வொரு தேர்தல் அதிகாரியும் தன் தொகுதி மனுக்களையே பார்ப்பார். கட்சி நாடு முழுக்க எத்தனை பெண்களை நிறுத்தியது என்று அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எப்படிச் சரிபார்ப்பார்? ஆகவே முழுப் பட்டியலும் முன்கூட்டியே தேர்தல் ஆணையத்துக்குப் போக வேண்டும். பங்கு குறைந்தால் அபராதம் போதாது, பட்டியலையே திருப்பி அனுப்ப வேண்டும்.

மேலவைக்கு இந்தச் சிரமம் இல்லை. அங்கே 70 பேரில் 44 பேர் நியமன உறுப்பினர்கள், இன்றைக்கே பெண்களைக் கூட்டலாம்.

அதுவரை, உங்கள் கட்சிக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் மகளிர் பிரிவுச் சகோதரிகள் எழுந்து ஒன்று கேளுங்கள்: “எங்களுக்கு ஒதுக்கும் தொகுதியில் போன முறை கட்சி எத்தனை வாக்கு வாங்கியது?” பதில் எண்ணாக வரும்வரை உட்காராதீர்கள்.