தோள் ஆபரேஷன் முடிஞ்சு 5 மாசம், கையில பலம் ஏன் வரல? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். தோள் மூட்டு அடிக்கடி நழுவுறதப் பத்தி போன வீடியோவுல பேசியிருந்தேன், அதுக்கு நிறைய கேள்வி வந்துருக்கு, இன்னைக்கு ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா இதுல தேதி நெருக்குது. கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி, 23 வயசு, விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு, கபடியும் ஆடுவாரு. அவரு எழுதுனத அப்படியே படிக்கறேன்.

"மேடம், கபடியில வலது தோள் 4 வாட்டி கழண்டுடுச்சு. ஜனவரியில ஓட்டை போட்டு பாங்கார்ட் ஆபரேஷன் பண்ணாங்க, 3 ஆங்கர் வெச்சிருக்கு. 6 வாரம் கையத் தொட்டில்ல போட்டிருந்தேன். இப்போ 5 மாசம் ஆவுது. கை முழுசா மேல போவுது, நழுவல, டாக்டரும் நல்லாருக்குன்னுட்டாரு. ஆனா பலமே இல்ல மேடம். ஒரு குடம் தண்ணி தூக்கசொல்ல கை நடுங்குது. தோள் சதை வத்திப்போயி சட்டை தொங்குது. ஆபரேஷன் சரியில்லையா? மீன்புடி தடைக்காலம் முடியுது, 15ந்தேதி படகு கிளம்புது, நான் போலாமா?"

தம்பி, உங்க கேள்வியிலயே முதல் பதில் இருக்கு. நழுவலன்னு நீங்களே சொல்றீங்க, கை முழுசா மேல போவுதுன்றீங்க, அப்போ ஆபரேஷன் எதுக்காகப் பண்ணாங்களோ அது நடந்துருக்கு. பலம் வேற, நழுவுறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிட்டு ராத்திரி தூக்கம் இல்லாம இருக்கறவங்கள நான் வாராவாரம் பாக்கறேன், அதனால இத கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

வீட்டுல மண்பானைக்குக் கீழ பிரிமணை வெப்பாங்கல்ல, அடி உருண்டையா இருக்கற பானைய வெறும் தரையில வெச்சா உருண்டுடும், பிரிமணை வெச்சா நிக்கும். தோள்ல அதே கதைதான். கை எலும்போட தலை பெரிய உருண்டை, அது உக்கார்ற குழி ரொம்ப ஆழமில்லாம இருக்கு, அந்தக் குழிய சுத்தி ஒரு ஜவ்வு வளையம் இருக்கு, லேப்ரம்னு சொல்லுவோம், அதுதான் பிரிமணை. கை முன்பக்கமா கழண்டு விழுறப்போ அந்த வளையம் முன்னாடி கிழிஞ்சு பிஞ்சுடுது. இத விவரமா எழுதுனவரு பாங்கார்ட்னு ஒரு இங்கிலாந்து சர்ஜன், 1923ல, அதான் அந்தப் பேரு. உங்களுக்கு என்ன பண்ணாங்கன்னா எலும்புல 3 ஆங்கர், அதாவது நூல் கோத்த குட்டி ஆணி, எறக்கி, அதுல இருக்கற நூலால பிரிமணைய பழைய இடத்துல இழுத்துக் கட்டியிருக்காங்க. அவ்ளோதான். சதைக்கு பலம் குடுக்கற வேலை அந்த ஆபரேஷன்லயே கிடையாது. அத நீங்கதான் பண்ணணும், பக்கத்துல நாங்க நிப்போம்.

சரி, பலம் எங்க போச்சு? முதல்ல, 4 வாட்டி கழண்டதுல ஆபரேஷனுக்கு முன்னாடியே அந்தக் கைய பயந்து பயந்துதான் வெச்சிருந்திருப்பீங்க, அப்பவே பாதி போயிருக்கும். அப்புறம் 6 வாரம் தொட்டில், எந்த சதையையும் அத்தனை நாள் சும்மா வெச்சா அது இளைக்கும். அதோட மூட்டுல வலியும் வீக்கமும் இருக்கறப்போ உடம்பே அந்த சதைக்குப் போற கட்டளைய குறைச்சுடும், சதை இருக்கும் ஆனா முழுசா வேலை செய்யாது. இதெல்லாம் யாருக்கும் வர்றதுதான். நான் வருத்தப்படறது இதுக்கு அடுத்து நடக்கறதப் பாத்துதான். தொட்டில் கழட்டுனதும் ஃபிசியோ போறாங்க, கை கொஞ்சம் கொஞ்சமா மேல போவுது, ஒரு நாள் தலைக்கு மேல முழுசா போயிடுது, வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், அன்னைக்கே ஃபிசியோவ நிறுத்திடறாங்க. கை மேல போறது அசைவுதான், பலம் இல்ல. பலத்துக்கான வேலை அங்கதான் ஆரம்பிக்குது, சரியா அந்த இடத்துல விட்டுடறாங்க.

இல்லன்னா ரப்பர் பேண்டு வாங்கிட்டுப் போயி 3 மாசமா அதே சிவப்பு பேண்ட இழுத்துக்கிட்டு இருப்பாங்க. தம்பி, நீங்க என்ன கலர் வெச்சிருக்கீங்கன்னு எழுதல, ஆனா சிவப்புன்னு நெனக்கறேன். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கருப்புன்னு இழுவை ஏறிக்கிட்டே போகும். 20 வாட்டி இழுத்தும் மூச்சு வாங்காம பேசிக்கிட்டே முடிக்கறீங்கன்னா அது சதைக்கு வேலையே இல்ல. 10, 12 வாட்டி இழுக்கறப்போ கடைசி 2, 3 கஷ்டமா இருக்கணும், ஆனா கை கோணக்கூடாது. அந்த அளவு பாத்து கலர மாத்துங்க. ஒருநாள் விட்டு ஒருநாள், மூணு செட்டு. வலி 10க்கு 3 வரைக்கும் வந்தா பரவால்ல, மறுநாள் காலைல அடங்கியிருக்கணும், அடங்கலன்னா ஒரு படி எறங்குங்க.

எந்த சதைன்னு கேட்டா, வெளிய தெரியற பெரிய தோள் சதை இருக்கே, டெல்டாயிட், அது மேல எல்லாருக்கும் கண்ணு, ஆனா எனக்கு முதல்ல வேணுங்கறது உள்ள இருக்கற 4 சின்ன சதை, ரொட்டேட்டர் கஃப்ன்னு சொல்றது. பெரிய சதை கைய மேல இழுக்கறப்போ உருண்டைய குழிக்கு நடுவுல புடிச்சு வெக்கறது இதுங்கதான். இது தூங்கிக்கிட்டு இருந்தா எப்படித் தெரியும்னா, கொடியில சட்டை காயப்போடறப்போ கண்ணாடியில பாருங்க, கை மேல போறதுக்கு முன்னாடி தோள் காதுகிட்ட போவுதா? கழுத்து பக்கம் இழுக்குதா? அப்போ கழுத்து சதை கடன் குடுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அந்த நிலையில ஜிம்முக்குப் போயி டம்பெல் தூக்குனா கழுத்து வலிதான் வரும், தோள் தேறாது.

இப்போ என் கையப் பாருங்க. ஒரு துண்ட சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல வெச்சிருக்கேன், முழங்கை எல் மாதிரி மடங்கியிருக்கு, பேண்டு இடது பக்கம் ஜன்னல் கம்பியில கட்டியிருக்கு. துண்டு கீழ விழாம முன்கைய மட்டும் வெளிப்பக்கமா, கதவு திறக்கற மாதிரி. போறதுக்கு ரெண்டு எண்ணிக்கை, திரும்பி வர்றதுக்கு மூணு. திரும்பி வர்றதுதான் முக்கியம், டப்புன்னு விட்டுடாதீங்க. அடுத்தது செவுத்துல ரெண்டு கையும் வெச்சு புஷ்அப், முழங்கை நீண்டதும் நிறுத்தாம இன்னும் ஒரு இஞ்சு செவுத்த தள்ளுங்க, முதுகுல தோள்பட்டை எலும்பு றெக்கை மாதிரி எழும்பாம ஒட்டிக்கணும், வீட்டுல யாரையாவது பின்னாடி நின்னு பாக்க சொல்லுங்க. மூணாவது, பேண்ட ரெண்டு கையாலயும் வயித்துப் பக்கம் இழுக்கறது, வலை இழுக்கற அதே அசைவு, உங்களுக்கு சொல்லித்தர வேண்டியதே இல்ல. இது மூணும் நல்லா வந்தப்புறம்தான் கைய தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து பலம் ஏத்தணும், அதுக்கப்புறம் தலைக்கு மேல. கழுத்துக்குப் பின்னாடி கம்பி இழுக்கறது, ரெண்டு கம்பிய ஊனி உடம்ப எறக்கி ஏத்தற டிப்ஸ், படுத்துக்கிட்டு வெயிட்ட ரொம்ப எறக்கித் தூக்கற பெஞ்ச் பிரஸ், இந்த மூணும் இப்போ வேணாம்.

தோள் நழுவுறதுக்கே பண்ற இன்னொரு ஆபரேஷன் லடார்ஜே, அத பண்ணவங்களும் இத கேட்டுக்கிட்டு இருப்பீங்க. சீட்டப் பாத்து நிறைய பேரு லடார்ஜெட்னு படிக்கறாங்க, ஃப்ரெஞ்சு பேரு, கடைசி எழுத்த சொல்லக்கூடாது, புதுச்சேரிக்காரங்களுக்கு இது தெரியும். 1954ல லடார்ஜேன்ற ஃப்ரெஞ்சு சர்ஜன் சொன்னது. அதுல ஒரு எலும்புத் துண்ட சதையோட வெட்டி குழிக்கு முன்னாடி ஸ்க்ரூ போடறாங்க, அதனால எலும்பு கூடிடுச்சுன்னு படம் எடுத்துப் பாத்து டாக்டர் சொல்றவரைக்கும் கைய மடக்கி வெயிட் தூக்கற பயிற்சி ஆரம்பிக்காதீங்க.

தம்பி, சட்டை தொங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அத நான் சும்மா தாண்டிப் போக மாட்டேன். இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க. கொஞ்சம் பஞ்ச எடுத்து, மேல் கையோட வெளிப்பக்கம், தடுப்பூசி போடற இடம் இருக்குல்ல, அங்க தடவுங்க, அப்புறம் அடுத்த கையில தடவுங்க. ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதா? அடுத்து, கைய பக்கவாட்டுல செவுத்துல அழுத்திக்கிட்டு தோள் சதைய தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி ஆவுதா இல்ல கொழகொழன்னே இருக்கா? தோல் மரத்திருந்தாலோ, சதை இறுகலன்னாலோ அந்தப் பக்கம் போற நரம்பு பாதிச்சிருக்கலாம், தோள் கழண்டு விழறப்பவே சில பேருக்கு அது இழுபடும். அப்படி இருந்தா பயிற்சி போட்டு நாள் கடத்தாம ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட போங்க, நரம்பு டெஸ்ட் எடுப்பாங்க. ரெண்டும் நல்லாருந்தா அது வெறும் இளைப்புதான், வேலை குடுத்தா தேறும். முதல் சில வாரத்துல பலம் கொஞ்சம் ஏறும், சதை கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வர ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுக்குள்ள கண்ணாடியப் பாத்து மனசு விட்டுடாதீங்க. சாப்பாட்டுல உங்க ஊருல மீனுக்குப் பஞ்சமில்ல, முட்டை, சுண்டல் சேத்துக்கங்க. பீடி சிகரெட் இருந்தா விடுங்க, ஆற வேண்டிய இடத்துக்கு ரத்தம் போறத அது குறைக்கும்.

இப்போ 15ந்தேதி விஷயம். எனக்கு தெரியும், 61 நாள் படகு கட்டிக் கெடந்துருக்கு, வீட்டுல பணம் இல்லாத நேரம், எல்லாரும் ஏறசொல்ல நீங்க மட்டும் கரையில நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு. இருந்தாலும் சொல்றேன், குடம் தூக்கறப்போ நடுங்கற கையோட ஏறாதீங்க. வலை இழுக்கறதுல கூட எனக்கு அவ்ளோ பயம் இல்ல, அது உடம்புக்கு முன்னாடி, இடுப்பு உயரத்துல நடக்கற வேலை. என் பயம் என்னன்னா ஈரத் தளத்துல கால் வழுக்குது, அலை தூக்கி அடிக்குது, நீங்க நெனக்கறதுக்கு முன்னாடி கை மேல போயி கயித்தப் புடிக்கும், உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில தொங்கும். கை மேல தூக்கி வெளிப்பக்கம் திரும்புன அந்த நிலையிலதான் தோள் கழலும். வீச்சு வலை வீசறதும் அதே நிலைதான், அதனால உப்பனாத்துல சும்மா வலை வீசிப் பாக்கறேன்னும் போகாதீங்க.

எப்போ போலாம்னு மாசத்த வெச்சு மட்டும் சொல்ல மாட்டேன், அளந்து சொல்லலாம். உங்க ஊர்ல மீன் எடை போட கொக்கித் தராசு இருக்கும்ல, நம்பர் காட்டற எலக்ட்ரானிக் தராசு, அத ஒரு நாள் கேட்டு வாங்குங்க. முழங்கை உயரத்துல ஜன்னல் கம்பியில ஒரு பக்கம் கட்டுங்க, கொக்கியில ஒரு துணி வளையம் போட்டு மணிக்கட்டுல மாட்டுங்க, துண்டு அக்குள் கீழ, முன்ன காட்டுன மாதிரியே நின்னு வெளிப்பக்கமா மெதுவா அழுத்தம் ஏத்தி 5 எண்ணிக்கை புடிங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்க. மூணு வாட்டி, பெரிய நம்பர எழுதுங்க. திரும்பி நின்னு இடது கைக்கும். அப்புறம் உள்பக்கமா இழுக்கறதுக்கும் இதே மாதிரி. ஒரு பேச்சுக்கு இடது 8 கிலோ, வலது 5 கிலோன்னு வெச்சுக்கங்க, அது 60 சதவீதத்துக்கு சொச்சம்தான், 7க்கு மேல வரணும். 90 சதவீதம் வந்து, உங்க டாக்டரும் சரின்னு சொன்னா ஏறுங்க. கபடிக்கு அது மட்டும் பத்தாது, 6 மாசம் கொறஞ்சபட்சம் தாண்டணும், அடுத்தவங்க கையப் புடிச்சு இழுக்கறப்போ தாங்குதான்னு தனியா பழகிப் பாக்கணும், அத இன்னொரு நாள் பேசறேன்.

அதுவரைக்கும் ஓனர்கிட்ட சொல்லி கரை வேலை கேளுங்க, வலை பின்றது, ஐஸ் கணக்கு, மீன் பிரிக்கறது, கூலி கொறஞ்சாலும் கை கெடாது. ஓனருக்கு நம்பிக்கை இல்லன்னா இந்த வீடியோவக் காட்டுங்க. இன்னைக்கு அளந்து ரெண்டு கை நம்பரும், பேண்டு என்ன கலர்ங்கறதும், பஞ்சு தடவுனதுல என்ன தெரிஞ்சுதுங்கறதும் எனக்கு அனுப்புங்க, அதப் பாத்து அடுத்த 4 வாரத்துக்கு என்ன பண்ணணும்னு எழுதி அனுப்பறேன்.