படகு பைப்புக்கு எந்த எஸ்.எஸ்.?

நேயர்களுக்கு வணக்கம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி, அடியில் ஓடாக ஒட்டியிருக்கிற கொட்டலசு சுரண்டி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் போடும் காலம் அதுதான். பைப், வால்வு மாற்றுகிறவர்களும் பெரும்பாலும் அப்போதுதான் கையை வைப்பார்கள். அந்த வேலைக்கு வருகிற எனக்கு ஒவ்வொரு வருஷமும் காதில் விழுகிற ஒரே வசனம், "எல்லாத்தையும் எஸ்.எஸ்.லயே போட்டுடுங்கண்ணே, தொல்லை விட்டுது."

தொல்லை விடாது. எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இது பிடிபட்டால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். எஸ்.எஸ்.-இல் இருக்கிற குரோமியம், காற்றிலோ தண்ணீரிலோ உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் மூடாது. இணைப்பு கசியாமல் நடுவில் வைக்கிற கேஸ்கெட்டுக்கு அடியில், மரைக்குள், ஒட்டிய கொட்டலசுக்குக் கீழே, ஊறிப்போன மரப்பலகைக்குள் என்று எங்கெல்லாம் கடல்நீர் போய் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறதோ அங்கெல்லாம் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. நம் கடல் சூடு வேறு. வெளியே கண்ணாடி மாதிரி மின்னுகிற ஒரு ஃபிளாஞ்சை (பைப் முனையில் போல்ட் போட்டு இணைக்கிற வட்டத் தகடு) கழற்றி கேஸ்கெட்டை உரித்துப் பாருங்கள், அதன் தடம் நெடுக ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். குத்தூசியை வைத்தால் ஒவ்வொன்றிலும் ஊசி உள்ளே போகும்.

அதனால்தான் படகு ஓடும்போது கெடுவதைவிட, சும்மா கட்டிக்கிடக்கும்போதுதான் எஸ்.எஸ். பைப் அதிகம் கெடுகிறது. பித்தளையும் செம்பும் வேகமாக ஓடுகிற தண்ணீரில் அரிக்கும், எஸ்.எஸ்.ஸுக்கு ஓட்டம்தான் பிடிக்கும். இரண்டு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கடல்நீர் லைன்களை வடித்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டு அலசி விடுங்கள். காசு செலவில்லாத வேலை, யாரும் செய்வதில்லை.

இப்போது கடைக்கு வருவோம். 304, 316 என்று இரண்டு கிரேடு கேள்விப்பட்டிருப்பீர்கள். 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் நல்லவை இந்த ரகம். 316-இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். குடிதண்ணீர் டேங்க் லைனுக்கு 304 ஓடும். கடல்நீர் படுகிற இடத்துக்கு 316-க்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள், வெல்டிங் வேலை இருந்தால் 316 எல் (கார்பன் குறைத்த 316). இவை போக 202 என்று ஒன்று விற்கிறது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் ஏற்றியது, பளபளப்பில் மற்ற இரண்டுக்கும் அண்ணன். படகில் அதற்கு வேலையே இல்லை.

கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார், ஒட்டவில்லை, ஒரிஜினல் என்பார். 202-உம் ஒட்டாது, 304-உம் ஒட்டாது, 316-உம் ஒட்டாது. அப்புறம் அதில் என்ன தெரிந்துகொள்வது? வால்வு உடம்பில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கிற எழுத்தைப் பாருங்கள். சி.எஃப்.8 என்றால் 304 ரகம், சி.எஃப்.8.எம் என்றால் 316 ரகம். எழுத்தே இல்லாத வால்வைக் கீழே வைத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மாலிப்டினம் சோதிக்கிற சொட்டு மருந்து இருக்கிறது, ஒரு துளி விட்டு பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறும். பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடித்தட்டைத் துளைத்துக் கடல்நீர் எடுக்கிற இடத்தில், அதாவது எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற வாயிலும் அதோடு சேர்ந்த முதல் வால்விலும், நான் எஸ்.எஸ். போடச் சொல்ல மாட்டேன். கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தேங்கிய தண்ணீரில் திடீரென்று ஓட்டை விழுந்து கைவிடாது. சாதாரணப் பித்தளையும் வேண்டாம், கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை இழுத்துவிடும். மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகத் தெரிகிற பித்தளை ஸ்பேனர் பட்டாலே பொடிந்துபோகும். இன்ஜின் புகையோடு கடல்நீர் கலந்து வெளியேறுகிற எல்போவும் இதே கதைதான், சூடும் உப்பும் சேர்ந்த இடத்தில் 316 எல்-கூட விரிசல் விட்டுவிடும், அதை அவ்வப்போது மாற்றுகிற சாமானாகவே கணக்கில் வையுங்கள்.

வால்வு என்றால் பால் வால்வு, அதாவது உள்ளே துளையிட்ட உருண்டை திரும்புகிற வகை. கேட் வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இருட்டு இன்ஜின் ரூமில் தெரியாது. பால் வால்வில் கைப்பிடி பைப்போடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல், தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்று துண்டாகப் பிரிகிற வகை கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தே வாங்கலாம், போல்ட்டை எடுத்து நடுத்துண்டை மட்டும் வெளியே உருவி, உருண்டை உட்காருகிற சீட்டை மாற்றிக்கொள்ளலாம், லைனை அறுக்க வேண்டாம். எப்போதும் ஒரே நிலையில் விட்டு வைத்தால் உருண்டைக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீர் சிறைப்பட்டுக் கெடும், மாதம் ஒருமுறையாவது திருப்பிவிடுங்கள். இன்னொன்று, உடம்பு 316-ஆக இருந்து கைப்பிடியும் அதன் நட்டும் மட்டமானதாக இருக்கும். அவசரத்துக்குத் திருப்பும்போது கைப்பிடி கையோடு வந்துவிடும்.

மரை விஷயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஸ்.பி., என்.பி.டி. என்று இரண்டு மரை உண்டு. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி, அதனால் ஒன்று மற்றதில் ஏறிவிடும், பொருந்திவிட்டது என்று நினைப்போம். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். மரையை வறட்டுத்தனமாக முறுக்கினால் இரண்டும் கடித்துக்கொண்டு முன்னேயும் போகாது பின்னேயும் வராது, டெஃப்லான் டேப் சுற்றி நிதானமாகக் கையால் ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். கிராஃபைட் கலந்த பேக்கிங் மட்டும் கடல்நீர் லைனில் வேண்டாம், அது எஸ்.எஸ்.ஸை அரிக்க வைக்கும்.

ஹோஸ் கிளிப் வாங்கும்போது பட்டையை விட்டுவிட்டு ஸ்குரூவைப் பாருங்கள். பட்டை எஸ்.எஸ்., ஸ்குரூ வெறும் இரும்பு என்பது வழக்கமான ஏமாற்று, இதற்குத்தான் காந்தம் உண்மையில் உதவும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். ஒவ்வொரு அடித்தட்டு வால்வின் பக்கத்திலும், அந்தத் துளைக்குப் பொருந்துகிற அளவில் கூம்பாகச் செதுக்கிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், வால்வு உடைந்தால் துளையில் அடித்து அடைக்கலாம். தச்சரிடம் கேட்டால் மிஞ்சிய பலகையிலேயே செதுக்கித் தருவார்.